காண்டனீஸ்ல "அந்த அளவுக்கு இல்ல"ன்னு சொல்றது எப்படி? மோ5 கம்3, ம்4 கவ்3, ஸொய்1 க்வோ3, எதை எங்க போடறது?

கடற்கரைக்காத்து (இழை தொடங்கியவர்)

ஹாங்காங்ல ட்ஸுன் வான் பக்கம் இருக்கேன். ஆபீஸ்ல இங்கிலீஷே போதும், ஆனா காய்கறி மார்க்கெட்டு, லிஃப்ட்ல பாக்கற பாட்டிங்க, ஸ்கூல் வாசல்ல நிக்கற அம்மாக்கள் எல்லாம் காண்டனீஸ்தான், அதனால ஒரு டீச்சர் வெச்சு கத்துக்கிட்டிருக்கேன். ஒப்பிட்டுப் பேசறதுல "அதிகம்" பக்கம் சுலபமா வந்துடுச்சு, ஒரே ஒரு க்வோ3 போதும், தாண்டறது கடக்கறதுன்னு அர்த்தம். ஙோ5 கோ1 க்வோ3 க்ஹொய்5, நான் அவனை விட உயரம், முடிஞ்சது வேலை.

"குறைவு" பக்கம் போனாதான் தலை சுத்துது. டீச்சர் மோ5...கம்3 சொல்லித் தர்றாங்க, மார்க்கெட்ல ம்4 கவ்3னு கேக்கறேன், டிவில ம்4 ஹய்6 ... க்வோ3, பக்கத்து வீட்டு ஆன்ட்டி பையனைத் திட்டும்போது ஸொய்1 க்வோ3. எல்லாம் ஒண்ணுதானா, இல்ல எங்க எது போடணும்னு கணக்கு இருக்கா?

எழுதற முறை பத்தி: நம்பர் எல்லாம் ஜூட்பிங் (காண்டனீஸை ஆங்கில எழுத்துல எழுதற முறை) டோன் நம்பர் (1 உச்சத்துல நேரா, 2 ஏறும், 3 நடு, 4 அடியில இறங்கும், 5 அடியிலேர்ந்து லேசா ஏறும், 6 அடியில நேரா). மூச்சைத் தள்ளிச் சொல்ற எழுத்துக்கு ஹ சேத்திருக்கேன், க்ஹ, த்ஹ, ப்ஹன்னு. சீன எழுத்து வேண்டாம் ப்ளீஸ், எனக்கும் படிக்க வராது.

வான்சாய்_வாசுகி

வாங்க. நான் இங்கயே வளந்தவ, லோக்கல் ஸ்கூல்ல படிச்சேன், அதனால கிராமர் பேர் எல்லாம் கேக்காதீங்க, காதுக்கு எது சரின்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல மோ5...கம்3. இதுதான் தினசரி சாப்பாடு. வரிசை இப்படி: ஆளு 1 + மோ5 + ஆளு 2 + கம்3 + குணம்.

கம்1 யத்6 மோ5 க்ஹம்4 யத்6 கம்3 யித்6. இன்னைக்கு நேத்து அளவுக்கு சூடு இல்ல.

மோ5ன்னா "இல்ல", அதாவது ஒரு பொருள் கைவசம் இல்லன்னு சொல்ற இல்ல. கம்3ன்னா "அவ்வளவு". தமிழ்ல "நேத்து அளவுக்கு இன்னைக்கு வெயில் இல்ல"ன்னு சொல்றோமே, அதேதான், வார்த்தை வரிசை மட்டும் மாறுது. தமிழ்க்காரங்க தடுக்கி விழற இடம் "விட". "அவன் என்னை விட உயரமில்ல"ங்கறதை நேரா க்வோ3 போட்டு க்ஹொய்5 ம்4 கோ1 க்வோ3 ஙோ5ன்னு கட்டுவாங்க. கேட்டா புரியும், ஆனா அப்படி யாரும் பேச மாட்டாங்க. "விட"யை மறந்துட்டு "அளவுக்கு"ல யோசிங்க, பாதி பிரச்சனை போயிடும்.

மொழிப்பித்தன்

வாசுகி சொன்னதுல ஒரு சின்ன திருத்தம். ம்4 கோ1 க்வோ3 முழுசா தப்புன்னு சொல்ல முடியாது. "என்னை விட உயரமா இல்லன்னா கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்"ங்கற மாதிரி நிபந்தனை வாக்கியத்துல வரும். தனி வாக்கியமா ஒருத்தரை வர்ணிக்கறப்பதான் இடறுது.

இன்னும் ஒரு விஷயம், மாண்டரின்ல ஒப்பீடுன்னா ரெண்டாவது ஆளு குணத்துக்கு முன்னாடி வரும், "பி"ங்கற சொல்லோட. காண்டனீஸ்ல குணம் முதல்ல, அப்புறம் க்வோ3, கடைசில ரெண்டாவது ஆளு. தாய்லாந்து மொழியும் இதே வரிசைதான், அங்க "க்வா"ன்னு ஒரு சொல். ஆனா வேடிக்கை என்னன்னா மறுப்புன்னு வந்ததும் காண்டனீஸ் அப்படியே திரும்பி மாண்டரின் வரிசைக்கே போயிடுது, மோ5, ஆளு, அப்புறம் குணம். ஒரே மொழிக்குள்ள ரெண்டு வரிசை. கத்துக்கறவங்களுக்கு கஷ்டமா இருக்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

ஈப்போ_மணியம்

வணக்கம் தம்பி. நான் மலேசியா ஈப்போக்காரன். நமக்கு கிளாஸ் டீச்சர் ஒண்ணும் இல்ல லா, சீனப் பிள்ளைங்களோட ஓடி ஆடி விளையாடி வந்த காண்டனீஸ், அப்புறம் ஹாங்காங் நாடகம் வீடியோ கேசட்ல பாத்து வந்த காண்டனீஸ். ஈப்போ, கேஎல் (கோலாலம்பூர்) ரெண்டு ஊர்லயும் சீனவங்க கடையில இன்னமும் இதான் ஓடுது.

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு தர்றேன், ஈப்போக்காரன் எவன்கிட்டயும் இதைக் கேக்கலாம்:

கத்1 லுங்4 போ1 கெ3 ஙா4 சோய்3 கய்1 மோ5 யீ4 போ2 கம்3 ஹோ2 ஸிக்6.

கேஎல் தவுகே (முளைகட்டின பயறு) கோழி ஈப்போ அளவுக்கு ருசி இல்ல. கத்1 லுங்4 போ1ன்னா கோலாலம்பூர், யீ4 போ2ன்னா ஈப்போ. இந்த வாக்கியத்துல கிராமர் சந்தேகம் வரலாம், சொல்ற விஷயத்துல சந்தேகமே வரக்கூடாது. எங்க ஊரு தவுகே குட்டையா குண்டா இருக்கும், சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணி.

கடற்கரைக்காத்து

ஹாஹா, சண்டை இழுக்காதீங்க அண்ணே, கேஎல்காரங்களும் இங்க இருப்பாங்க.

வாசுகி, அப்ப கம்1 யத்6 மோ5 கம்3 துங்3ன்னு நடுவுல ஆளே இல்லாம கேட்டிருக்கேன். எதோட ஒப்பிடறாங்க?

வான்சாய்_வாசுகி

ஆமா ரெண்டாவது ஆளை முழுங்கிடலாம், பேச்சுல தெரிஞ்சிருந்தா போதும். மோ5 கம்3 துங்3, "முன்ன அளவுக்கு குளிர் இல்ல". காலைல வெளிய வந்ததும் பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னா நேத்தோட ஒப்பிடறாங்கன்னு நீங்களே எடுத்துக்கணும். உதாரணத்துக்கு 2016 ஜனவரி 24 அன்னைக்கு அப்சர்வேட்டரில 3.1 டிகிரி, தாய் மோ ஷான் மலை மேல உறைபனி பாக்கறேன்னு ஒரு கூட்டமே போய் நின்னுச்சு. அதுக்கப்புறம் எந்தக் குளிர்காலம் வந்தாலும் பெரியவங்க யாராவது ஒருத்தர் மோ5 கம்3 துங்3ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, எந்த வருஷத்தோட ஒப்பிடறாங்கன்னு கேக்கவே வேண்டாம்.

இதுல ஒரு வலை இருக்கு, மூணையும் பாருங்க:

மோ5 கம்3 துங்3: முன்ன அளவுக்கு குளிர் இல்ல (இப்பவும் குளிரா இருக்கலாம், கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான்).

ம்4 ஹய்6 ஹோ2 துங்3: ரொம்ப குளிர் இல்ல (ஒப்பீடே இல்ல, சும்மா அளவு).

ம்4 துங்3: குளிரல.

புதுசா வர்றவங்க எல்லாத்துக்கும் மூணாவதை அடிச்சு விடுவாங்க. டிசம்பர்ல நடுங்கிக்கிட்டு நிக்கறவங்ககிட்ட போய் ம்4 துங்3ன்னா ஒரு மாதிரி பாப்பாங்க.

ஸ்கார்பரோ_குஞ்சன்

வணக்கம் எல்லாருக்கும். நான் கனடா ஸ்கார்பரோவில ஒரு பேக்கரியில வேலை செய்யிறன், முதலாளி குடும்பம் ஹாங்காங் ஆக்கள். அஜின்கோர்ட் பக்கம் எண்பதுகளில இருந்தே அவையள் நிறையப் பேர் வந்து இருக்கினம், பிறகு எங்கட சனமும் அதே ஏரியாவில வந்து குடியேறினது, அதால ரெண்டு பக்கமும் மற்றவையின்ர பாஷையில நாலு சொல்லு தெரியும்.

எனக்கு விளங்காதது ம்4 கவ்3. அண்ணர் ஒராள் எப்பவும் ஙோ5 ம்4 கவ்3 க்ஹொய்5 லெக்1 எண்டு சொல்லுவார், நான் அவனளவு கெட்டிக்காரன் இல்லை எண்டு. மோ5...கம்3 போட்டாலும் அதே கருத்துத்தானே? ஏன் ரெண்டு?

வான்சாய்_வாசுகி

கருத்து ஒண்ணுதான், வாடை வேற. ம்4 கவ்3ன்னா "போதாது, பத்தாது". அவன் கெட்டிக்காரத்தனத்துக்கு முன்னாடி எனக்குப் பத்தல. போட்டி இருக்கற இடத்துல வர்றது இது, ஸ்கூல், ஸ்போர்ட்ஸ், பேரம், அண்ணன் தம்பி சண்டை. கம்3 இதுல வராது, கவனிங்க. ம்4 கவ்3 + ஆளு + குணம், நேரா.

வினைச்சொல்லும் போடலாம். ம்4 கவ்3 க்ஹொய்5 கோங்2, அவன்கிட்ட வாயாடி ஜெயிக்க முடியாது. ம்4 கவ்3 க்ஹொய்5 தா2, அடிதடில அவன்கிட்ட நிக்க முடியாது. மோ5...கம்3க்கு இந்த வேலை நேரடியா வராது.

ஆனா வெயில், குளிர், தூரம் இதுக்கெல்லாம் ம்4 கவ்3 போட்டா என் காதுக்கு சரியா இல்ல. இன்னைக்கும் நேத்தும் ஓட்டப்பந்தயமா ஓடுது?

மொழிப்பித்தன்

அதோட ம்4 கவ்3 பெரும்பாலும் நல்ல குணத்துக்குத்தான், உயரம், புத்தி, வேகம், பணம். "நான் அவன் அளவுக்கு சோம்பேறி இல்ல"ங்கறதை ம்4 கவ்3ல சொன்னா சோம்பேறித்தனத்துல கோப்பை ஜெயிக்கப் போன மாதிரி ஆயிடும்.

ஈப்போ_மணியம்

அது வேணும்னே சொல்றதும் உண்டு லா. என் கூட்டாளி ஒருத்தன் "லான்5"னு போட்டு (லான்5ன்னா சோம்பேறி) ம்4 கவ்3 நேய்5 லான்5 வோ3ம்பான் என்கிட்ட, "உன் அளவுக்கு நான் சோம்பேறி இல்லப்பா"ன்னு. கிண்டல்.

எங்க பக்கம் இன்னொண்ணு நிறைய வரும், வினைச்சொல்லுக்கும் க்வோ3க்கும் நடுவுல ம்4 சொருகறது. தா2 ம்4 க்வோ3, அடிச்சு ஜெயிக்க முடியாது. கோங்2 ம்4 க்வோ3, பேசி ஜெயிக்க முடியாது. தாண்ட முடியல, அதான் அர்த்தம். இதுவும் ஒப்பீடுதானே?

மொழிப்பித்தன்

ஒப்பீடுதான் அண்ணே, அதே க்வோ3 "முடியுமா முடியாதா" வாக்கியத்துக்குள்ள போய் உக்காந்திருக்கு.

சிங்கை_செந்தில்

சிங்கப்பூர்லேர்ந்து. இங்க 1979ல மாண்டரின் பேசுங்கன்னு இயக்கம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் காண்டனீஸ் பெருசுங்க வாய்ல மட்டும்தான் அதிகம், அதனால நான் கத்துக்கறது பாட்டு கேட்டுதான். பாட்டுல எங்கயும் மோ5...கம்3 நான் கேட்டதில்லையே? வேற மாதிரி பேய்2, முத்6 யவ்5னுதான் வருது. நீங்க சொல்றது கொச்சையா?

வான்சாய்_வாசுகி

செந்தில், பாட்டு வெச்சு பேச்சு கத்துக்காதீங்க, அடம்பிடிச்சு சொல்றேன். காண்டோபாப் வரிகள்ல பெரும்பாலானது எழுத்துச் சீனம், அதை காண்டனீஸ் உச்சரிப்புல பாடறாங்க. நாங்களும் ஸ்கூல்ல அப்படித்தான், கட்டுரைல முத்6 யவ்5னு எழுதணும், வாய்விட்டு படிக்கறப்பவும் முத்6 யவ்5, மணி அடிச்சு வெளிய வந்தா மோ5. தமிழ்ல மேடைப்பேச்சுல "இல்லை"ன்னு நிறுத்திச் சொல்லிட்டு கீழ எறங்கினதும் "இல்லடா"ங்கற மாதிரி, ஆனா இங்க சொல்லே வேற.

அதனால கொச்சை இல்ல, பேச்சு. பேய்2 (மாண்டரின் "பி"தான்) போட்டு க்ஹொய்5 பேய்2 ஙோ5 கோ1, அவன் என்னை விட உயரம்னு சொன்னா தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கும். மீன் கடையில நின்னுக்கிட்டு நியூஸ் வாசிச்சா மீன்காரர் சிரிப்பாரு, விலை கொறைக்க மாட்டாரு.

கடற்கரைக்காத்து

மீன் கடைன்னதும் ஞாபகம் வந்துச்சு, பேரம் பேசறப்ப எது போடறது?

வான்சாய்_வாசுகி

பேரத்துல ஒப்பீட்டுக்கு அவசியமே இல்ல, ப்ஹெங்4 தி1, "கொஞ்சம் மலிவா". ரெண்டாவது ஆளு இல்லாத இடத்துல க்வோ3க்கு பதிலா தி1 வரும். அதுக்கு எதிர்ப்பக்கம்தான் மோ5 கம்3. க்வய்3 தி1, கொஞ்சம் விலை கூட. மோ5 கம்3 க்வய்3, அவ்வளவு விலை இல்ல. ரெண்டையும் ஜோடியா மனசுல வெச்சுக்குங்க. "நேத்து இவ்வளவு விலை இல்லையே"ன்னு கேக்கணும்னா க்ஹம்4 யத்6 மோ5 கம்3 க்வய்3 வோ3, கடைசில அந்த வோ3 சேத்தா "என்னப்பா இது"ங்கற தொனி தானா வந்துடும்.

ஸ்கார்பரோ_குஞ்சன்

சரி, இப்ப என்ர மற்றக் கேள்வி. "அவன் என்னை விட மூண்டு இஞ்சி உயரம் குறைவு" எண்டு சொல்ல மோ5...கம்3க்குப் பின்னால மூண்டு இஞ்சியை ஒட்டலாமோ? நான் ஒட்டிப் பாத்தன், முதலாளியம்மா முகத்தைச் சுளிச்சவ.

மொழிப்பித்தன்

ஒட்டாது. தமிழ்லயும் பாருங்க, "அவன் என் அளவுக்கு மூணு இஞ்ச் உயரம் இல்ல"ன்னா என்ன அர்த்தம்? குழப்பம். அளவு சொல்லணும்னா எதிர்ச்சொல்லுக்குப் போகணும்.

க்ஹொய்5 ஙய்2 க்வோ3 ஙோ5 ஸாம்1 ச்யூன்3. ஙய்2 குட்டை, ஸாம்1 மூணு, ச்யூன்3 இஞ்ச்.

அளவு பின்னாடி வந்தா க்வோ3யையே தூக்கிடலாம், க்ஹொய்5 ஙய்2 ஙோ5 ஸாம்1 ச்யூன்3. வயசுக்கு இதுதான் வழக்கம். தாய்6 ஙோ5 ஸாம்1 ஸொய்3, என்னை விட மூணு வயசு பெரியவன். ஸய்3 ஙோ5 ஸாம்1 ஸொய்3, மூணு வயசு சின்னவன். மொழியிலேயே எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டு இது, உரிச்சொல் வினைச்சொல் மாதிரி நின்னு ஆளை நேரா பிடிக்குது.

அப்புறம் சம்பந்தமில்லாம ஒண்ணு. ஸாம்1 ஸாம்1னு எழுதறப்ப தோணுச்சு, நெடில் போட்டா மூணு, குறில் போட்டு ஸம்1னா இதயம். ஆங்கிலத்துல கத்துக்கறவங்க மாசக்கணக்குல திணறுவாங்க, நமக்கு இது அ ஆ. மொதல் எழுத்தா ங வர்றதும் அப்படித்தான். ஆயுசுல ஙோன்னு எழுத ஒரு காரணம் கிடைச்சுதேன்னு எனக்கு சந்தோஷம்.

ஈப்போ_மணியம்

ஆனா இப்ப இளசுங்க அந்த ங சொல்றது கொறைவு தம்பி, ஓ5ன்னே சொல்றாங்க. நேய்5 லேய்5 ஆயிடுச்சு.

வான்சாய்_வாசுகி

லான்5 யம்1, சோம்பேறி உச்சரிப்பு. எங்க டீச்சர் அடிக்கடி திட்டுவாங்க. ஆனா கத்துக்கறவங்க ரெண்டையும் புரிஞ்சுக்கணும், க்வோ3ல இருக்கற வ்வை முழுங்கறவங்களும் உண்டு. கோ3ன்னு கேட்டா "அது என்ன புது சொல்லு"ன்னு நோட்டுல எழுதாதீங்க.

சிங்கை_செந்தில்

எதிர்ச்சொல்லு போடறதுல ஒரு சந்தேகம். ரெண்டு உயரமான மலை இருக்கு. தாய் மோ ஷான் 957 மீட்டர், லாண்டாவ் பீக் 934 மீட்டர். இப்ப லாண்டாவ் பீக்கை ஙய்2 க்வோ3, "குட்டை"ன்னு சொல்லலாமா, இல்ல மோ5...கம்3 கோ1ன்னு சொல்லணுமா?

வான்சாய்_வாசுகி

நல்ல கேள்வி. நான் சொல்றது: ஃபுங்6 வோங்4 ஸான்1 மோ5 தாய்6 மோ6 ஸான்1 கம்3 கோ1. ஃபுங்6 வோங்4 ஸான்1ன்னா லாண்டாவ் பீக். 934 மீட்டர் மலையை ஏறி மூச்சு வாங்கினவங்ககிட்ட போய் "குட்டை"ன்னு சொன்னா அடிப்பாங்க.

கம்3 கோ1ங்கறப்ப "ரெண்டாவது ஆளு உயரம்தான்"ங்கறதை ஒத்துக்கிட்டுதான் பேசறோம், முதல் ஆளைப் பத்தி தீர்ப்பு சொல்லல, அந்த உச்சம் வரல, அவ்வளவுதான். ஙய்2 க்வோ3ன்னா குட்டைங்கற சொல்லு வாய்ல வந்துடுச்சு. அழகு, ருசி, புத்தி இதுலெல்லாம் இந்த வித்தியாசம் வெடிக்கும். மோ5 க்ஹொய்5 கம்3 லெங்3, அவ அளவுக்கு அழகு இல்ல, சரி, பரவால்ல. சவ்2 க்வோ3 க்ஹொய்5, அவளை விட அசிங்கம், அன்னிக்கோட சிநேகம் க்ளோஸ். வயசு மட்டும் விதிவிலக்கு, ஸய்3 க்வோ3 சாதாரணம், சின்னவன்னு சொன்னா யாருக்கும் கோவம் வராது, வருதுன்னா சந்தோஷம்தான்.

யாராவது சமைச்சுப் போட்டு எப்படின்னு கேட்டா அதுக்கும் கீழ ஒரு படி இருக்கு, மா4 மா2 தேய்2, "சுமார்". ஹாங்காங்காரங்க மா4 மா2 தேய்2ன்னா நல்லாவே இல்லன்னு வெச்சுக்கலாம்.

மொழிப்பித்தன்

இங்க நான் கொஞ்சம் மாறுபடறேன். மோ5...கம்3 எப்பவும் மென்மைன்னு சொல்லிட முடியாது. மோ5 நேய்5 கம்3 ஹோ2 ஹேய்3 எவ்வளவு பேர் முகத்துல அடிச்ச மாதிரி சொல்றாங்க? வார்த்தைக்கு வார்த்தை "உன் அளவுக்கு எனக்கு மூச்சு இல்ல", உண்மையில "உன்கிட்ட வாயைக் கொடுக்க எனக்குத் தெம்பில்ல, போ".

வான்சாய்_வாசுகி

அது மரபுத்தொடர், அதை வெச்சு பொதுவா தீர்ப்பு சொல்லாதீங்க. எங்கம்மாவுக்குக் கூட தெரிஞ்ச காண்டனீஸ்ல அது ஒண்ணு, எனக்குத்தான் உபயோகிப்பாங்க.

மொழிப்பித்தன்

மரபுத்தொடரா இருந்தாலும் கட்டு அதேதானே. மென்மை வாக்கியக் கட்டுல இல்ல, என்ன குணத்தைப் போடறோம், யார்கிட்ட சொல்றோம்ங்கறதுல இருக்கு. மாமியார்கிட்ட "உங்க அம்மா அளவுக்கு உங்களுக்குச் சமைக்க வரல"ன்னு எவ்வளவு மென்மையான கட்டுல சொன்னாலும் வீட்டுல தட்டு பறக்கும்.

வான்சாய்_வாசுகி

சரி அந்த அளவுக்கு ஒத்துக்கறேன். ஆனா புதுசா கத்துக்கறவர் எதை முதல்ல எடுக்கணும்னா என் ஓட்டு மோ5...கம்3க்குத்தான், தெரியாத ஆளுங்ககிட்ட பாதுகாப்பு.

ஈப்போ_மணியம்

திட்டறதுக்கு வருவோம் லா, அதான் ருசி. எங்க காலத்துல சீன அம்மாங்க பிள்ளைய திட்டறப்ப எப்பவும் ஒரு வரி கேக்கும்:

ஸாங்1 கவ்6 சா1 ஸியூ1 ஹோ2 க்வோ3 ஸாங்1 நேய்5.

உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சார் ஸியூவைப் பெத்திருக்கலாம்! சார் ஸியூன்னா அந்த தேன் தடவி வாட்டின பன்னிக்கறி. கல்லைப் பெத்திருந்தா துணி துவைக்கவாவது ஆகியிருக்கும்ங்கற நம்ம வசனத்துக்கு சொந்தக்காரன். நம்மாளு துணி துவைக்கறான், அவன் சாப்பிடறான். கவனிங்க, இதுல ம்4மும் இல்ல மோ5வும் இல்ல, ஹோ2 க்வோ3, "விட நல்லது". திட்டு முழுக்க நல்லதுங்கற சொல்லாலயே நடக்குது.

கடற்கரைக்காத்து

ஆஹா! பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்றது இதுவாத்தான் இருக்கணும், சா1 ஸியூ1ன்னு காதுல விழும், ராத்திரி சாப்பாட்டைப் பத்திப் பேசறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

வான்சாய்_வாசுகி

ஹாஹாஹா. இது பாசமாவும் சொல்வாங்க, இப்ப பாதிக்கு மேல கிண்டல்தான்.

நிஜமா "மோசம்"னு சொல்லணும்னா ஸொய்1 க்வோ3, சா1 க்வோ3, சாம்2 க்வோ3. ஸொய்1 ஆளோட கெட்ட புத்திக்கு, சா1 தரத்துக்கு, சாம்2 பரிதாபத்துக்கு. ஒரு பழமொழி உண்டு, வாய்ப்பைத் தவறவிட்டு ஏமாந்து நிக்கறது சாம்2 க்வோ3 பாய்6 கா1, குடும்ப சொத்தை அழிக்கறதை விடக் கேவலம்னு. ஹாங்காங்ல எதுக்கெடுத்தாலும் க்யூ ஏன் நிக்கறாங்கன்னு இப்ப புரியுதா.

மொழிப்பித்தன்

மோ5 யன்4, "யாரும் இல்ல"யை முன்னாடி போட்டு க்வோ3 சேக்கறதும் விட்டுப்போச்சு. மோ5 யன்4 லெக்1 க்வோ3 நேய்5, உன்னை விடக் கெட்டிக்காரன் எவனும் இல்ல. மறுப்பு வாக்கியம், ஆனா அர்த்தம் உச்சப் பாராட்டு. சொல்ற தொனியைப் பொறுத்து உச்ச நக்கல்.

சிங்கை_செந்தில்

அப்ப மோ5 தக்1 திங்2? பாட்டு நிகழ்ச்சில ஜட்ஜ் சொன்னாரு, மோ5 இருக்கே, பாடினவனைக் கழிச்சுட்டாருன்னு பாத்தா அவனுக்குத்தான் முதல் பரிசு.

வான்சாய்_வாசுகி

அது "எதிர்த்து நிக்கவே முடியாது", அதாவது பிரமாதம். மோ5 தக்1 பேய்2, "ஒப்பிடவே முடியாது". இதுவும் பெரும்பாலும் பாராட்டு, ஆனா யாரோட யாரை ஒப்பிடறோம்னு பாத்துக்குங்க, "அவங்களோட நம்மளை ஒப்பிடவே முடியாது"ன்னும் வரும். தோத்த பக்கத்தைச் சொல்லணும்னா சா1 கேய்2 த்ஹியூ4 காய்1, "பல தெரு பின்னாடி கிடக்கு". ஃபோன், ஃபுட்பால் டீம், நூடுல்ஸ் கடை எல்லாத்துக்கும் வரும்.

ஸ்கார்பரோ_குஞ்சன்

எங்கட முதலாளி பத்1 யூ4 எண்டு நாளுக்கு நூறு தரம் சொல்லுவார். பத்1 யூ4 தேத்தண்ணி குடிப்பம், பத்1 யூ4 கடையைப் பூட்டுவம். அகராதியில பாத்தா "அதுக்கு நிகர் இல்லை" எண்டு போட்டிருக்கு. ஒண்டும் விளங்கேல்ல.

மொழிப்பித்தன்

பழைய எழுத்துச் சீனத்துல அது நேரான எதிர்மறை ஒப்பீடு, "இது அதுக்கு ஈடாகாது". பழமொழிலயும் வசவுலயும் அப்படியே உறைஞ்சு கிடக்கு, ஜ்யூ1 கவ்2 பத்1 யூ4ன்னா "பன்னி நாய்க்கும் கீழ". தினசரிப் பேச்சுல "இப்படியே இருக்கறது அதுக்கு ஈடாகாது, அதைச் செய்வோம்"னு தேஞ்சு தேஞ்சு வெறும் "பேசாம இப்படிப் பண்ணலாமா" ஆயிடுச்சு. தமிழ்ல "பேசாம டீ குடிக்கலாம்"ங்கறோமே, பேசறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், அந்த மாதிரிதான்.

கடற்கரைக்காத்து

செமயா போகுது. கடைசியா ஒண்ணு, வினைச்சொல்லோட மோ5...கம்3 எங்க வரும்? "நான் உங்க அளவுக்கு நல்லா சமைக்க மாட்டேன்", "உங்க அளவுக்கு வேகமா நடக்க முடியாது", இதெல்லாம் லிஃப்ட் பாட்டிங்ககிட்ட தேவைப்படுது. அவங்க நடக்கற வேகம் எனக்கு வராது.

வான்சாய்_வாசுகி

வினையை முதல்ல சொல்லி தக்1 ஒட்டிட்டு, மிச்சத்தை அப்படியே பின்னாடி வைங்க.

ஙோ5 ஹாங்4 தக்1 மோ5 நேய்5 கம்3 ஃபாய்3. நான் நடக்கறது உங்க அளவுக்கு வேகம் இல்ல.

ஙோ5 ஜ்யூ2 தக்1 மோ5 நேய்5 கம்3 ஹோ2. நான் சமைக்கறது உங்க அளவுக்கு நல்லா இல்ல.

கேள்வியா கேக்க மோ5 இடத்துல யவ்5 மோ5. க்ஹொய்5 யவ்5 மோ5 நேய்5 கம்3 கோ1 ஆ3? அவன் உங்க அளவுக்கு உயரமா? பதில் யவ்5 (ஆமா), இல்லன்னா மோ5 (இல்ல), ஒத்தைச் சொல்லு போதும்.

கம்3ங்கறதை 3லயே நிறுத்துங்க, நடு சுருதி. 2ல ஏத்தி கம்2ன்னா "இப்படி, இந்த விதமா"ன்னு மாறிடும், 1ல போனா தங்கம். மோ5 கொஞ்சம் ஏறணும், 6ல நின்னுடக்கூடாது. பேச்சு வேகத்துல கம்3யை விட்டுட்டு க்ஹொய்5 மோ5 ஙோ5 கோ1ன்னும் சொல்வாங்க, உயரம் மாதிரி ஒத்தை அசை குணத்துக்கு காதுக்கு உறுத்தாது. நீங்க இப்போதைக்கு கம்3யோடவே சொல்லுங்க.

ஈப்போ_மணியம்

பாட்டிங்ககிட்ட அந்த நடக்கற வரியைச் சொல்லு தம்பி, வயசைக் கேட்டு பெருமையா சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, அப்ப தாய்6 ஙோ5 இத்தனை ஸொய்3ன்னு கணக்குப் போட்டுக்கலாம். நான் தவுகே கோழி சாப்பிடப் போறேன்.